முள் தொடுவதற்குள்

என்னங்க, உங்களுக்கு என் ஸலாம்.

ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கடிதத்தில் மட்டும் எப்படி வரும்? அதனால் 'என்னங்க'தான். திட்டுவதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் திட்டவும் செய்வேன்.

உங்கள் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே பர்மா பஜாரில் ஒரு கப்பல்காரரிடம் பழசாக வாங்கியது. கடலுக்குள் மூழ்கி வேலை செய்கிறவர்கள் கட்டுவது என்று பெருமை வேறு. கோவளத்தில் கணுக்கால் நனைந்தாலே கரைக்கு ஓடி வருகிற மனிதருக்கு அது எதற்கு என்று எத்தனை தடவை சிரித்திருப்பேன்!

வெளியே கிளம்பும்போதுதான் உங்களுக்கு அது தேவைப்பட்டது. டயலைச் சுற்றியுள்ள வளையத்தைக் கிர்ரென்று திருப்பி, அதிலிருக்கும் முக்கோணத்தை நீங்கள் வீடு திரும்பும் நிமிடத்துக்கு நேராக வைப்பீர்கள். "பெரிய முள்ளு இதைத் தொடறதுக்குள்ள வந்துடுவேன்" என்பீர்கள். பெரும்பாலும் வந்தும்விடுவீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முக்கோணத்தை இருபத்தைந்தாம் நிமிடத்தில் வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனீர்கள். கிழக்குத் தாம்பரத்திலிருந்து தண்டவாளம் தாண்டிப் போய் வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ரயில்வே நடைமேம்பாலப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்தபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய முள் முக்கோணத்தைத் தொட்டது, தாண்டியும் போனது.

பேட்டரி கிடையாது, கை அசைந்தால்தான் ஓடும் என்று நீங்கள் சொன்னது அப்போது நினைவில்லை. பீரோவில் வைத்தேன். உங்கள் மறைவுக்காக இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் வீட்டுக்குள் நான் இருந்தேன், பீரோவுக்குள் அது நின்றுபோய்க் கிடந்தது. வளையத்தை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. உங்கள் விரல் கடைசியாகத் திருப்பிய இடமல்லவா?

நான்கு வருஷமாகிவிட்டது. நம் மகள் நஸ்ரின் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நீங்கள் ஏறிப்போன மீட்டர் கேஜ் சின்ன ரயிலெல்லாம் நின்று அகலப் பாதை வந்துவிட்டது. "சும்மாவே வச்சிருந்தா உள்ள எண்ணெய் இறுகிடும்மா, சர்வீஸுக்குக் குடு" என்று அவள்தான் நச்சரித்தாள். போன வாரம் மார்க்கெட் பக்கம் கடிகாரம் ரிப்பேர் செய்யும் பாயிடம் கொடுத்தேன். வளையத்தைத் தொடாதீர்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்நிய ஆணிடம் அதை எப்படிச் சொல்வது? வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

திரும்ப வாங்கப் போனால், பளபளவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. முக்கோணம் பன்னிரண்டில்.

"வளையத்துல ஒரே அழுக்குக்கா. கழட்டிக் கழுவி, நேரா வச்சிட்டேன்" என்றார் பாய் பெருமையாக.

நான் அழுததும் பதறிப்போனார். "இன்னாக்கா, எதுனா தப்பாயிடுச்சா? எந்த நம்பர்ல இருந்துச்சுன்னு சொல்லுங்க, வச்சுக் குடுத்துடறேன்."

நம்பர் எனக்குத் தெரியாதா? ஆனால் அவர் வைத்தால் அது நீங்கள் வைத்ததாகிவிடுமா? என் வீண் வெட்கத்தால் உங்கள் விரல் வைத்த அடையாளத்தைத் தொலைத்துவிட்டேன். என்னை மன்னிப்பீர்களா?

வீட்டுக்கு வந்து அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நஸ்ரின் அதை வாங்கி என் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். தொளதொளவென்றுதான் இருக்கிறது. பால் வாங்கக் கிளம்பியவள் குனிந்து வளையத்தைத் திருப்பினாள்.

"அத்தா சொல்ற மாதிரிதாம்மா. முள்ளு தொடறதுக்குள்ள வந்துடுவேன்."

கேட்டருகே போய் நின்றேன். முள் தொட்டது. தாண்டியது. மூன்று நிமிடம் கழித்துப் பால் பாக்கெட்டோடு சிரித்துக்கொண்டு வந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு கட்டிக்கொண்டு அழுதேன்.

இனி இதை நான்தான் கட்டிக்கொள்வேன், நிற்க விடமாட்டேன். அவள் ஒவ்வொரு தடவையும் போய்த் திரும்பும் வரை வாசலில் நிற்கிற வேலை எனக்கு இருக்கிறது. அது முடிந்ததும் உங்களிடம் வருகிறேன். எத்தனை நிமிடத்தில் என்று மட்டும் கேட்காதீர்கள். வளையத்தைத் திருப்பி வைக்கமாட்டேன். ஆனால் வந்துவிடுவேன்.

இன்னும் கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி ஜமீலா