ஒத்தக்கண் மீனோட பேரு

அன்பு மகள் தெக்லாவுக்கு,

ஆத்தங்கரை ஆலை வீட்டிலேருந்து அப்பா எழுதறது. நானும் உங்கம்மாவும் மாடும் பூனையும் ஆண்டவர் தயவுல நல்லாத்தான் இருக்கோம். நீ சூரிச்சுல சௌக்கியமான்னு வழக்கத்துக்காகக் கேக்கல, இந்தத் தடவை நிஜமாவே தெரியாமத்தான் கேக்கறேன். ஈஸ்டருக்கு அப்புறம் உன்கிட்டேருந்து ஒரு வரி இல்ல. நம்ம நாட்டு லுண்ட் ஊர்லேருந்து உங்க காலேஜுக்கு வந்திருக்கிற வாத்தியார் டாக்டர் வெஸ்டின் உன்னைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு கேட்டார், யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னேன்னு கடைசியா எழுதியிருந்தே. யோசிச்சு என்ன சொன்னே? பெத்தவன் எனக்குத் தெரியல, ஆனா ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.

போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பிரசங்கம் முடிஞ்சு கல்யாண ஓலை வாசிச்சாங்க. நான் பொடி டப்பாவைத் தேடிக்கிட்டு இருந்தேன். டாக்டர் யால்மர் வெஸ்டினுக்கும், ஆலைக்காரர் காஸ்பரின் மகள், வீட்டோட இருக்கும் பெண் தெக்லாவுக்கும்னு பாதிரியார் வாசிக்கிறார். டப்பா தேடறதை விட்டுட்டேன். மூணு ஞாயிறு இப்படி வாசிச்சுட்டா அப்புறம் மோதிரம் மாத்த வேண்டியதுதான் பாக்கி. ஆட்சேபணை உள்ளவங்க சொல்லலாம்னு வழக்கப்படி அவர் சொல்லிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனார், நான் எழுந்து நின்னுட்டேன். தூங்கிக்கிட்டு இருந்த கொல்லன்கூட முழிச்சுக்கிட்டான். உங்கம்மா என் கோட்டைப் பிடிச்சு இழுக்கறா, உக்காருங்க, மானம் போகுதுங்கறா. என் மக இதுக்குச் சம்மதிச்சாளான்னு எனக்கு முதல்ல தெரியணும்னேன். மாப்பிள்ளையே நேர்ல வந்து சொன்னாராம், அவ்வளவு படிச்சவர் பொய்யா சொல்லுவார்னு பாதிரியார் என்னைத் திருப்பிக் கேக்கறார். கையுறை போட்ட பெரிய மனுஷனுக்குப் பொய் வராதுன்னு எந்த வேதத்துல எழுதியிருக்குன்னேன். சரி, உம்மகிட்ட என்ன ஆதாரம் இருக்குன்னார். என்கிட்ட என்ன இருக்கு, சந்தேகம்தான் இருக்கு. அப்பத்தான் உங்கம்மா எழுந்தா, தெக்லா. வீட்டுக்கு வந்த அந்த ஆளுக்குத் தன் கையாலே பலகாரம் செஞ்சு போட்டவ எழுந்து, வீட்டோட இருக்கிற பொண்ணுன்னு என் மக தன்னைப் பத்திச் சொல்லியிருக்கவே மாட்டா, இந்த வீட்டை விட்டுப் படிக்கப் போறதுக்கு அவ வருஷக்கணக்கா சண்டை போட்டா, அந்தச் சண்டையே என்கூடத்தான்னு சொன்னா. சொல்லி முடிக்கிற வரைக்கும் உக்காரல.

இப்ப ஊரே சிரிக்குது. மகளைக் கட்டிக்கொடுக்க மனசில்லாத அப்பன்னு கொல்லன் என் காதுபடவே சொல்றான். சொல்லிட்டுப் போகட்டும். இந்த ஆள் மே மாசம் பொண்ணு வீட்டைப் பாக்கறேன்னு வந்தார் இல்லையா, வீட்டை எங்கே பாத்தார்? வந்ததுலேருந்து மாட்டுக்கொட்டகையிலேயே கிடந்தார், போன கோடையில நீ மீன் விட்டு வச்ச தொட்டிகிட்ட. நம்ம ஆத்துச் சிப்பியோட குஞ்சு எப்படி மீன் செவுள்ல ஒட்டிக்குது, எப்ப உதிருது, தண்ணி எவ்வளவு சில்லுன்னு இருக்கணும், ஒண்ணு விடாம காபி குடிச்சுக்கிட்டே உங்கம்மாகிட்ட கறந்துட்டார். வர்ற இலையுதிர் காலத்துல லுண்ட்ல பெரிய அறிஞர்கள் சபையில சிப்பியைப் பத்திப் பேசப்போறேன்னு அவர் வாயாலேயே சொன்னாராம். இவ அதை நல்ல சேதின்னு எனக்குச் சொல்றா. யாரோட சிப்பி, யார் கண்டுபிடிச்சது? சின்ன வயசுலேருந்து பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, உதடு நீலமாகிற வரைக்கும் அந்தத் தண்ணியில நின்னவ நீ. இதுல கல்யாணம் வயல் அறுப்புக்கு முன்னாடியே முடியணுமாம். அறுப்புக்கு அப்புறம்தானே அந்தச் சபை? தாலுகா கோர்ட்டு குமாஸ்தாகிட்டப் போய்க் கேட்டேன். கல்யாணம் ஆனதும் நம்ம சட்டப்படி நீ அவர் பொறுப்புல வந்துடுவே, அவர் சம்மதம் இல்லாம நீ போடற கையெழுத்து செல்லாதுங்கறான். அப்புறம் அந்தச் சிப்பி வேலை என்னோடதுன்னு நீ எழுதிக் கொடுத்தா யார் கேப்பா? எனக்கு எங்கேயோ உதைக்குது.

நான் சந்தேகப் பிராணிதான், ஒத்துக்கறேன். ஒருவேளை உனக்கு அவரைப் பிடிச்சே இருக்கலாம், சபையில உன் பேரைச் சொல்றேன்னு அவர் உனக்கு வாக்குக் கொடுத்திருக்கலாம், நீயே சரின்னு சொல்லிட்டு எங்ககிட்ட மறைச்சிருக்கவும் கூடும். இருந்தா திட்ட மாட்டேன். ஆனா அவரும் அங்கே நீ தங்கியிருக்கிற வீட்டு மாடியிலதான் குடியிருக்கார், தபாலை எடுத்து வைக்கிறதும் அவர்தான்னு நீயே எழுதியிருக்கே. அதனால இந்தக் கடுதாசியை உன் பக்கத்துல உக்காந்து படிக்கிற ருஷ்யப் பொண்ணு பேருக்குப் போடறேன், பதிலையும் அவ கையால போடச் சொல்லு. நடுக்கோடைப் பண்டிகை வரைக்கும் அடுத்த ஓலை வாசிக்கிறதில்லைன்னு பாதிரியார் ஒத்துக்கிட்டிருக்கார். உன் பதில் சரின்னு வந்தா, எந்த இடத்துல எழுந்து நின்னேனோ அதே இடத்துல நின்னு, நான்தான் முட்டாள்னு ஊர் முன்னாடி சொல்லிட்டு, கடிக்கிற அந்தக் கறுப்பு ஜோடைப் போட்டுக்கிட்டு உன் கல்யாணத்துல ஆடறேன். மாட்டேன்னா மாட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை எழுது, காரணம் வேண்டாம், மத்ததை நாங்க பாத்துக்கறோம்.

ஈரக்காலோட நிக்காதே, அம்மா பின்னின கம்பளிக் காலுறை பெட்டியிலேயே கிடக்கக்கூடாது. வயித்தைக் காயப்போடாதே. ஆண்டவர் உன் கண்ணையும் கையையும் காப்பாத்தட்டும், யார் என்ன சொன்னாலும் உன் புத்தி உன்கிட்டேயே இருக்கட்டும்.

ஒண்ணு மறக்காதே. உன் கையெழுத்தை அவர் நிறையப் பாத்திருக்கார், அதனால வெறும் கையெழுத்தை நான் நம்பப்போறதில்ல. பதிலுக்குக் கீழே, தொட்டியில இருக்கிற அந்த ஒத்தக்கண் மீனுக்கு நீ வச்ச பேரை எழுது. உனக்கும் எனக்கும்தான் தெரியும், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அந்த ஆள் அதைக் கையில தூக்கினான், செவுளைப் பிரிச்சுப் பாத்தான், தராசுல வச்சு எடைகூடப் போட்டான். அதுக்குப் பேர் என்னன்னு மட்டும் கேக்கவே இல்ல.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலையே பாத்துக்கிட்டிருக்கும்
அப்பா காஸ்பர்