க்ளூஸ்காவுக்கும் ஒரு தட்டு

டிசம்பர் 22

ஊருக்கு வந்துவிட்டேன். லூப்லினில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இதுதான் முதல் விடுமுறை. கதவைத் திறந்த அப்பா, "வாங்க மகிஸ்டர் அம்மா" என்றார். முதுகலைப் பட்டம் வாங்கியதிலிருந்து இந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர். பெருமையா, கேலியா? இரண்டும்தான் போல.

அம்மா சமையலறையில் க்ளூஸ்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். படிக்கும்போது விடுதியில் நான் ஒளித்து வளர்த்த முயல். மாட்டிக்கொண்டதும் இங்கே கொண்டுவந்து விட்டேன். இப்போது அது முழுக்க அம்மாவுடையது. தையல் ஆலையை மூடியபிறகு பகலெல்லாம் வீட்டில் அவளும் அதுவும்தான். என்னைவிட அதனிடம்தான் அதிகம் பேசுகிறாள். பொறாமை என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 24

முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே கிறிஸ்துமஸ் விருந்துக்கு உட்கார்ந்தோம். மேஜை விரிப்புக்கடியில் வழக்கப்படி உலர்புல், மேலே பன்னிரண்டு பதார்த்தம். எதையும் விடக் கூடாது, ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். விட்டால் வருகிற ஆண்டில் ஏதோ ஒன்று குறைந்துபோகும் என்பது அம்மாவின் கணக்கு.

அவள் க்ளூஸ்காவுக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

"அம்மா, அதுக்குப் புல்லுதாம்மா ஆகும்."

"ஒரு ராத்திரிதானே. வர்ற வருஷம் அவளுக்கு மட்டும் குறையணுமா?"

"வேண்டாம்மா, நிஜமாத்தான் சொல்றேன்."

"படிச்சதையெல்லாம் இன்னிக்கு ஒரு நாள் மூட்டை கட்டி வைடி."

அப்பா சிரித்தார். "இன்னிக்கு நடுராத்திரி மிருகமெல்லாம் வாய் திறந்து பேசுமாம்ல. ருசி எப்படின்னு அவளையே கேட்டுக்கலாம்."

க்ளூஸ்கா மீனை முகர்ந்து பார்த்து விட்டுவிட்டது. கசகசா நூடுல்ஸ், காளான் கொழுக்கட்டை, தேனில் ஊறிய கோதுமை, ரொட்டி எல்லாம் காலி. அம்மாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

டிசம்பர் 25

காலையிலிருந்து மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறது. வயிற்றைத் தரையோடு அழுத்திக்கொண்டு, கண் பாதி மூடி. கேரட் இலையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது. வலியில்தான் இப்படிச் செய்யும். கூண்டில் ஒரு புழுக்கைகூட இல்லை.

"வயிறு நிறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றாள் அம்மா. ஆனால் அவளும் அங்கிருந்து நகரவில்லை.

எங்கள் ஊர்க் கால்நடை டாக்டர் போனை எடுக்கவில்லை. பக்கத்து ஊர் டாக்டரம்மா எடுத்தாள். "நாளைக்குன்னு வைக்காதீங்க. முயலுக்கு வயிறு நின்னுச்சுன்னா அப்புறம் எல்லாமே நின்னுடும். உடனே தூக்கிட்டு வாங்க."

அப்பா: "பண்டிகையும் அதுவுமா முயலுக்கு ஆஸ்பத்திரியா! எங்கம்மாவா இருந்தா கிரீம் சாஸ்ல போட்டுக் கதையை முடிச்சிருப்பா."

அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோட்டை மாட்டினாள்.

மேல்வீட்டு ரெமிக் கார் எடுத்தான். "ஏறுங்கம்மா. யாராவது கேட்டா பிரசவம்னு சொல்லிக்கறேன், முயலுன்னா எவன் நம்புவான்?" யாரும் சிரிக்கவில்லை.

எக்ஸ்ரேயில் வயிறு பலூன்போல ஊதியிருந்தது. "என்ன சாப்பிட்டா?" என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டாள். அம்மாவைச் சிறுமைப்படுத்தாமல் எப்படிச் சொல்வது?

"பன்னெண்டும் வெச்சேன்" என்றாள் அம்மா. "நான்தான்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இன்னிக்கே இப்படி வர்ற ரெண்டாவது முயல், அம்மா."

வலிக்கு ஓர் ஊசி, குடலை அசைக்க ஓர் ஊசி. கரைத்துப் புகட்டப் பச்சை நிறப் புல்மாவும் ஊசி இல்லாத சிரிஞ்சும் தந்தாள். வயிற்றை மெதுவாக நீவிவிட வேண்டும். புல் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். வேறு எதுவும் கூடாது.

"பொழைச்சுக்குமா?"

"புழுக்கை போடட்டும். அப்புறம் சொல்றேன்."

டிசம்பர் 26

புகட்டுவதில் பாதி என் சட்டைக் கையில் வழிகிறது. வீட்டிலிருந்த புல் பழசு, வெறும் தூசி. கடையெல்லாம் அடைப்பு. அம்மா மேஜை விரிப்பைத் தூக்கி அடியிலிருந்ததை உருவினாள். தட்டுகள் கலகலத்தன.

"பண்டிகை முடியற மூணு ராஜா திருநாள் வரைக்கும் தொடக் கூடாதுன்னு நீதானே—" என்று ஆரம்பித்தார் அப்பா.

"சும்மா இருங்க."

கழுவி, ஈரம் போக உதறி, மூக்கின் அருகே பிடித்தாள். க்ளூஸ்கா தொடவில்லை.

அப்போதுதான் கத்திவிட்டேன். "நான் சொன்னேன்ல? வேண்டாம்னு சொன்னேன்ல! இந்த வீட்ல என் பேச்சை யாரு கேக்கறீங்க!" — என் குரலா அது? பிறந்ததிலிருந்து அப்படிக் கத்தியதில்லை. அம்மா திருப்பித் திட்டியிருக்கலாம். "ஆமா" என்றாள். அவ்வளவுதான். அந்த "ஆமா" இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

டிசம்பர் 27

புழுக்கை இல்லை. இன்னும் இல்லை.

என் கையில் துப்புவதை அம்மா கையில் விழுங்குகிறது. அதனால் அவள்தான் புகட்டுகிறாள். சொட்டுச் சொட்டாக.

டிசம்பர் 28

அப்பாவின் குரல் கேட்டுத்தான் எழுந்தேன். சமையலறையில் மண்டியிட்டு, அலமாரிக்கடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். "இங்க ஒண்ணு! மிளகு சைஸுதான், ஆனா ஒண்ணு! மகிஸ்டர் அம்மா, இது கணக்குல சேருமா?"

சேரும் அப்பா. சேரும்.

சேர்ந்து தேடினோம். சின்னச் சின்னதாக, ஒன்றோடொன்று முடியால் கோத்தாற்போல இன்னும் சில. போனில் சொன்னதும் டாக்டரம்மா, "அப்ப வயிறு ஓடுது" என்றாள். அப்பா ரெமிக்கைக் கூப்பிடப் படியேறினார். "பிரசவம் ஆயிடுச்சுடா!"

அம்மா பார்த்தாள். கையைக் கழுவினாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிசம்பர் 31

க்ளூஸ்கா தானாகவே புல் தின்கிறது. ஆனால் அம்மா கூண்டின் பக்கம் வருவதில்லை. "நீயே வை" என்கிறாள். இன்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"போகும்போது அவளைக் கூட்டிட்டுப் போயிடு."

"ஏம்மா?"

"என் கை குடுத்துப் பழகின கை. நீ போனதும் அவ என் மூஞ்சியைப் பாப்பா. நான் குடுத்துடுவேன். எனக்குத் தெரியும். என்னை நம்பி விட்டுட்டுப் போகாத."

லூப்லினில் என் அறையில் இடம் இருக்கிறது. வீட்டுக்காரம்மாவும் ஒன்றும் சொல்லமாட்டாள். தட்டிக்கழிக்க ஒரு சாக்கும் இல்லை, அதுதான் சிக்கல்.

ஜனவரி 2

காலையில் கூடை தயாராக இருந்தது. அடியில் அம்மாவின் கம்பளிச் சால்வை, அதன்மேல் க்ளூஸ்கா.

"நான் எடுத்துட்டுப் போகலம்மா." கூடையை அவள் பக்கம் நகர்த்தினேன். "என்கிட்ட எல்லாத்தையும் துப்பினா. உன்கிட்டதான் விழுங்கினா. நீயே பாத்துக்கோ."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"எனக்குப் போன் பண்ணு. கத்த மாட்டேன்."

அம்மா கூடையைப் பார்த்தாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. பேருந்து வந்துவிட்டது.

ஜனவரி 3

இருட்டும் நேரத்தில் அம்மாவின் போன்.

"புல்லுதான் வெச்சேன். வெறும் புல்லு. நான் ரொட்டி தின்னும்போது எதிர்ல வந்து உக்காந்துட்டு என்னையே பாக்கறா, பாவி."

"பாக்கட்டும்மா."

"உனக்கென்ன, நீ அங்க இருக்க." பிறகு, குரலைத் தாழ்த்தி: "குடுக்கல. எந்திரிச்சுப் போய் அந்த ரூம்ல நின்னுட்டே தின்னேன்."

அவள் போனை வைக்கவில்லை.

"இரு" என்றாள். குனிந்து உட்காரும் சத்தம். போனைக் கீழே நீட்டியிருக்க வேண்டும். நறுக், நறுக் என்று, நிற்காமல், புல் அரைபடும் சத்தம். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.