ஃபிளெக்ஸில் ஒரு கேப்டன்

இலோய்லோ,
பிலிப்பைன்ஸ்,
ஏப்ரல் 21

அன்புள்ள சீமோவுக்கு,

நிமியா எழுதுகிறேன். கடலில் நீயும் கரையில் நாங்களும் சுகமாக இருக்க மாதா துணை செய்யட்டும். உன் கப்பல் இணையத்தில் நாலு வார்த்தை போவதற்குள் மூச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் அடுத்த துறைமுகத்தில் உன் கப்பலில் ஏறப்போகும் மாலுமியிடம் இந்தக் கடிதத்தையும் கொஞ்சம் கருவாட்டையும் கொடுத்துவிட்டிருக்கிறேன். கருவாட்டை அவரே தின்று தீர்த்திருந்தால் கடிதத்தையாவது கேட்டு வாங்கிக்கொள்.

உன் மகள் ஷெய்லின் பன்னிரண்டாம் வகுப்பை உயர் சிறப்புத் தகுதியோடு முடித்துவிட்டாள். மேடையில் நான்தான் பதக்கம் போட்டுவிட்டேன். இரவல் செருப்பு, குதிகால் உயரம். விழாமல் இறங்கினேனே, அதற்கு எனக்கும் ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம். வகுப்பாசிரியை மிஸ் கான்சோலா அவள் செய்ததையெல்லாம் ஒலிபெருக்கியில் படித்தார். பள்ளி வானொலிப் போட்டியில் ஆங்கிலச் செய்தி வாசிப்பில் வட்டாரத்திலேயே முதலிடம், பள்ளிப் பத்திரிகை ஆசிரியர், நகராட்சி அலுவலகத்தில் வேலைப் பயிற்சி எடுத்தபோது நல்ல பெயர். கைதட்டல் அடங்கவே இல்லை. அவள் குரல்தான் உனக்குத் தெரியுமே. துணியை எடுத்து உள்ளே போடு என்று என்னிடம் சொன்னால்கூடப் புயல் எச்சரிக்கை மாதிரி இருக்கும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் வைப்பதுபோல் பள்ளி முக்கில் அவளுக்கும் ஃபிளெக்ஸ் வைத்தாயிற்று. செலவு ஊர்த்தலைவருடையது, அதனால் அவர் முகம் நம் மகள் முகத்தைவிடப் பெரிது. பெயர், பள்ளி, வாங்கிய பரிசு எல்லாம் போட்டு, கீழே பெற்றோர் பெயரும் உண்டு. கோபித்துக்கொள்ளாதே, அதில் ஒரு சின்ன வேலை செய்திருக்கிறேன். 'கப்பல் கேப்டன் ஃபெலிசிமோ கயேகோவின் மகள்' என்று அடிக்கச் சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் அந்தக் கப்பல்களுக்கு ஆக்கிப் போட்டும் உன் கம்பெனி தராத பதவி உயர்வு, பொண்டாட்டி நான் தந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் வெறும் மாலுமி, அவன் மகள் ஃபிளெக்ஸில் 'அதிகாரி' என்று இருக்கிறது. நமக்கு மட்டும் 'சமையல்காரர்' என்று போட எனக்கு மனசு வரவில்லை.

ஷெய்லினுக்கு மானம் போய்விட்டதாம். நாற்காலி போட்டு ஏறி அந்த வரியின்மேல் டேப் ஒட்டப் பார்த்தாள். நான் காலைப் பிடித்து இழுத்தேன். இறங்கி நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா கேப்டன்னா, அப்ப நீதான் அந்தக் கப்பலாம்மா?" வாழைப்பழம் பொரிக்கிற கரண்டியோடு அவளைத் தெரு முழுக்க விரட்டினேன்.

மறுநாள் அந்த முக்கில் என் பொரித்த பழக் கடை போட்டிருக்கும்போது பார்க்கிறேன், நல்ல சட்டை போட்ட ஒருத்தர் அந்த ஃபிளெக்ஸ் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு செல்போனில் படம் எடுத்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பள்ளியில் நடந்த வேலை வழிகாட்டி நாளில்தான் அவர் யார் என்று தெரிந்தது. கல்லூரிக்காரர்கள், ராணுவக்காரர்கள், ஓட்டல்காரர்கள் எல்லாரும் மேசை போட்டிருந்தார்கள். அவர் மேசையும் இருந்தது. பெயர் சார் ரேனான். தாய்லாந்தில் ஏதோ பெரிய கம்பெனியாம், ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசுகிற பிள்ளைகள் வேண்டுமாம், போனிலேயே வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிற வேலையாம். போன வருடம் கணினிப் போட்டியில் ஜெயித்தானே பெலிங்கின் மகன் ரோட்மார், அவனை அனுப்பியதும் இவர்தானாம். அவன் ஃபிளெக்ஸ் இன்னும் நம்முடையதற்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. வெயிலில் சிவப்பெல்லாம் போய் முகம் நீலமாகிவிட்டது.

ஷெய்லினுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் இவள், இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கிறேன் என்கிறாள். அப்பா அந்த வலிக்கிற முழங்காலோடு இன்னொரு ஒப்பந்தம் போடக்கூடாதாம். நீ என்ன சொல்கிறாய் என்று எழுது.

உன் கப்பல்,
நிமியா


இலோய்லோ,
மே 19

அன்புள்ள சீமோ,

துறைமுகத்திலிருந்து நீ பேசியதை நானும் ஷெய்லினும் கேட்டோம். செப்டம்பரில் நான் வருகிறேன், அதுவரை பொறுங்கள் என்றாய். நானும் அதையேதான் சொன்னேன். ஆனால் சார் ரேனான் இந்த மாதமே ஆள் வேண்டும் என்கிறார். இவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, உன் கையெழுத்தும் வேண்டாம், என் கையெழுத்தும் வேண்டாம். வியாழக்கிழமை மணிலாவிலிருந்து விமானம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவள் போய்ச் சேர்ந்திருப்பாள். திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

ஞாயிற்றுக்கிழமை சார் ரேனானைச் சாப்பிட அழைத்தேன். சுட்ட கோழியும் நூடுல்சும். மரியாதையான மனிதர், தட்டைக்கூடத் தானே கழுவ எழுந்தார். பேச்சுவாக்கில் உன்னைப் பற்றி வந்தது. "கேப்டன் ஃபெலிசிமோவைத் தெரியாத கப்பல்காரன் உண்டா? என் மச்சானே அவருக்குக் கீழதான் வேலை பாத்தான். தங்கமான கேப்டன்னு இன்னிக்கும் சொல்லுவான்" என்றார். எனக்குச் சோறு மூக்கில் ஏறிவிட்டது. ஷெய்லின் மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளுகிறாள். அவர் போனதும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் அவள், "ஆனா அந்தாளு பொய் சொல்றாரும்மா" என்றாள். பெரிய மனிதர்கள் மரியாதைக்கு நாலு வார்த்தை கூட்டிச் சொல்வதுதான், நீ அதையெல்லாம் தோண்டாதே என்று நான்தான் வாயை அடைத்தேன். அவள் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

விமான நிலையத்தில் கேட்டால் சுற்றுலா என்று சொல்ல வேண்டுமாம். வேலை அனுமதியெல்லாம் அங்கே போன பிறகுதான் தருவார்களாம், எல்லாரும் அப்படித்தான் போகிறார்களாம். போய்ச் சேரும்வரை யாரிடமும் சொல்ல வேண்டாம், கண்பட்டுவிடும் என்றார். கண்ணேறு விஷயத்தில் எனக்கும் நம்பிக்கை உண்டு என்பதால் அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பெலிங்குக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நேற்று கடைக்கு வந்தாள். பழம் வாங்கவில்லை, எண்ணெய் கொதிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரோட்மார் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். நல்லா இருக்கானாம், மெசேஜ் வருது என்றாள். முன்பு அவன் பணம் அனுப்பித்தான் வீட்டுக்குப் புதுக் கூரை போட ஆரம்பித்தாள். பாதியில் நின்ற வேலை அப்படியே நிற்கிறது. போகும்போது, "உம் பொண்ணு போறதுக்குள்ள நல்லா ஒரு தடவ பாத்து வச்சுக்கோ" என்றாள். பொறாமைதான், வேறென்ன. இருந்தாலும் அன்றைக்குப் பொரித்த பழமெல்லாம் கருகிப்போயிற்று.

ஷெய்லின் பெட்டியில் நீ வாங்கித் தந்த நீல ஸ்வெட்டரை வைத்தேன். அங்கே வெக்கை, எதற்கு என்று எடுத்து வெளியே போட்டாள். மறுபடி வைத்தேன். இந்தத் தடவை எடுக்கவில்லை.

அவளுக்காக ஜெபம் செய்துகொள்.

நிமியா


இலோய்லோ,
ஜூன் 23

அன்புள்ள சீமோ,

இந்தக் கடிதத்தை உன் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கப்பல் நடுக்கடலில் இருக்கிறதாம். இதைப் படம் எடுத்துக் கேப்டனுக்கு அனுப்பினால் அவர் அச்செடுத்து உன்னிடம் கொடுப்பார் என்கிறார்கள். ஆகவே இதை முதலில் படிக்கப்போவது உங்கள் நிஜக் கேப்டன். அவர் நம் ஊர்ப் பக்கத்துக்காரர் என்று நீ சொல்லியிருக்கிறாய். கேப்டன் ஐயா, தயவுசெய்து கடைசிவரை படியுங்கள், கடைசியில் உங்களுக்கும் ஒரு வேண்டுதல் இருக்கிறது.

சீமோ, உட்கார்ந்துகொண்டு படி.

ஷெய்லின் போய் இறங்கிய அன்று ஒரு முறை பேசினாள். காரில் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னாள், எவ்வளவு தூரம் என்று யாரும் சொல்லவில்லை என்றாள். அதன்பிறகு குரலே இல்லை, மெசேஜ் மட்டும்தான். 'அன்புள்ள அம்மா, நான் நலம். இங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது. அறையில் ஏசி இருக்கிறது. எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள். கவலைப்பட வேண்டாம்.' உன் மகள் என்றைக்காவது என்னை அன்புள்ள அம்மா என்றிருக்கிறாளா? ஏய் குண்டம்மா, சாப்ட்டியா என்றுதானே ஆரம்பிப்பாள். வேலைக்குப் போனதும் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

முகம் காட்டு என்றால் கேமரா கெட்டுவிட்டது என்று வந்தது. நான் பெலிங் வீட்டுக்குப் போனேன். ஒன்றும் கேட்கவில்லை, போனை மட்டும் நீட்டினேன். அவள் படித்தாள். பிறகு தன் போனை எடுத்து ரோட்மாரின் மெசேஜைக் காட்டினாள். அதே சாப்பாடு, அதே ஏசி, அதே அன்பானவர்கள். ஒரு வார்த்தை மாறவில்லை. வெளியில் சொன்னால் பையனைப் பார்க்க முடியாது என்று அவளை மிரட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அன்றைக்கு அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாளாம். அவளை அடிக்கலாம் போல இருந்தது. அடிக்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இருவரும் வெளிநாட்டு வேலை அலுவலகத்துக்குப் போனோம். தாய்லாந்திலிருந்து ஆற்றைத் தாண்டி அடுத்த நாட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள், சுவர் எழுப்பிய இடம், முன்பின் தெரியாதவர்களிடம் இனிக்க இனிக்கப் பேசிப் பணம் பிடுங்கும் வேலை என்றார்கள். சொன்னபடி செய்யாத பிள்ளைகளை என்ன செய்வார்கள் என்று நான் கேட்டேன். அந்த அதிகாரி பேனாவை எடுத்தார். எல்லாம் எழுதிக்கொண்டார், முயற்சி செய்கிறோம் என்றார், அவர்களுக்குச் சந்தேகம் வரும்படி எதுவும் செய்யாதீர்கள் என்றார். சார் ரேனானின் எண் இப்போது இல்லை. பள்ளியில் அவரிடம் எல்லாக் காகிதமும் இருந்தது என்கிறார்கள். மிஸ் கான்சோலா என் கடையில் வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகிறார். மேடையில் ஒலிபெருக்கி வைத்து அவள் குரலைப் பற்றி ஊருக்கே சொன்னோமே என்று அழுகிறார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அந்த ஆளுக்கு மச்சானும் இல்லை, உன்னைத் தெரியவும் தெரியாது. ஃபிளெக்ஸில் இருந்ததைத் தவிர நம்மைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. யாருக்கு நல்ல குரல், யாருக்குக் கணினி வரும், யார் வீட்டில் அப்பா ஊரில் இல்லை என்று எல்லாவற்றையும் நாமே படத்தோடு அச்சடித்து முக்கில் தொங்கவிட்டிருக்கிறோம். அவர் நடந்துபோய்ப் பொறுக்கிக்கொண்டார். உன் மகள் அன்றைக்கே சொன்னாள். நான்தான் வாயை அடைத்தேன். இதை நினைக்காமல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை எனக்கு.

நேற்று அவளைச் சோதித்துப் பார்க்க ஒரு மெசேஜ் போட்டேன். அப்பா ஊருக்கு வந்ததும் முதல் நாள் என்ன சமைப்பார், ஞாபகம் இருக்கிறதா என்று. பலாக்காயும் துவரையும் போட்ட உன் பன்றிக்கறிக் குழம்பை தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாளே. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "அப்பா கேப்டன் ஆச்சே அம்மா, அவர் ஏன் சமைக்கணும்? அப்பா கப்பல் நம்பர் அனுப்பு. அவர்கிட்ட அவசரமாப் பேசணும்."

வேறு யாரோ அவள் போனிலிருந்து எழுதியிருக்கலாம். இல்லை, பின்னால் ஒருவன் நிற்க அவளே எழுதி, எனக்குப் புரியட்டும் என்று அந்தக் 'கேப்டன்' வார்த்தையைப் போட்டிருக்கலாம். அவள் கெட்டிக்காரி, செய்வாள். எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அவள் அப்பா கேப்டன் என்று அவர்கள் நம்புகிறார்கள். பணம் வரும் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பு இருக்கும்வரை அவள்மேல் கை வைக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். நான் பதில் போட்டேன்: ஆமாடி, மறந்தே போய்விட்டேன், அப்பா கேப்டன்தானே. உன் கப்பல் எண்ணையும் கொடுத்துவிட்டேன். அந்த அதிகாரியிடமும் சொல்லிவிட்டேன். அவர்கள் அழைத்தால் நேரம் இழுக்க வேண்டும், எந்த எண்ணிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

ஊர்த்தலைவரிடம் சண்டை போட்டு முக்கில் இருந்த மற்றப் பிள்ளைகளின் ஃபிளெக்ஸையெல்லாம் இன்று காலை இறக்கிவிட்டேன். நம்முடையதை மட்டும் இறக்கவில்லை. யாராவது வந்து பார்த்தால் அந்த வரி அங்கே இருக்க வேண்டும்.

சீமோ, இனி நீதான் பேச வேண்டும். முதலில் அவள் குரலைக் கேள். குரலைக் கேட்காமல் எதற்கும் ஒத்துக்கொள்ளாதே. அழாதே, கேப்டன்கள் அழ மாட்டார்கள்.

கேப்டன் ஐயா, உங்கள் பதவியை உங்களைக் கேட்காமல் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள். உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், கடவுள் அவர்களைக் காக்கட்டும். இன்னும் கொஞ்ச நாள் அதை அவரிடமே விட்டுவையுங்கள். யாராவது அழைத்து, கேப்டன் ஃபெலிசிமோ இருக்கிறாரா என்று கேட்டால், அவர் சமையலறையில் இருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கேப்டன் ஃபெலிசிமோ கயேகோவின் மனைவி
நிமியா