மஹிமாவின் வெள்ளிக்கிழமைப் பை

டாக்குரியா, கொல்கத்தா
ஞாயிறு காலை

அன்பு மகள் அனுராதாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் குழந்தை மஹிமாவும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் விளக்கேற்றும்போதெல்லாம் எங்கள் வேண்டுதல். தினமும் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சரிப்பா, சரிப்பா என்பாய், அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன். இங்கே நான்கு நாளாக விடாத மழை, தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர். எதிர்வீட்டு மாஷிமா முட்டி ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்து நடக்கிறார், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. மிஷ்டி, இனிப்பு எல்லாம் நிறுத்திவிட்டேன் என்கிறாள், ஆனால் ஃப்ரிட்ஜில் சந்தேஷ் டப்பா மட்டும் காலியாகிக்கொண்டே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அழுதது எனக்குக் கேட்டது. அம்மாவிடம்தான் பேசினாய் என்றாலும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். கோர்ட்டில் விவாகரத்து எல்லாம் முடிந்து, வாரநாளில் குழந்தை ஜெயநகரில் ராகவ் வீட்டிலும், வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலைவரை ஒயிட்ஃபீல்டில் உன் வீட்டிலும் இருப்பதென்று ஏற்பாடாகி ஏழு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அவளுக்கு மூன்று பை கிழிந்துவிட்டது என்றாய். இந்தத் தடவை ஜிப் பிளந்துபோய்த் துணியை ஜவுளிக்கடைக் கவரில் போட்டு அனுப்பினாய் என்றும், அதற்கு ராகவின் அம்மா போன் பண்ணி, பெத்தவளால ஒரு பைகூடவா வாங்கித்தர முடியல என்று கேட்டார் என்றும் சொன்னாய். அதைவிட உன்னை அழவைத்தது வேறு. சனிக்கிழமை மழையில் நனைந்து வந்த குழந்தை, இன்னொரு கவுன் எங்க வீட்ல இருக்கும்மா, இங்க இல்ல என்று சொல்லியிருக்கிறாள். எங்க வீடு என்று அவள் சொன்னது ஜெயநகரை. அதைச் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. பிறகு நீயே சமாளித்துக்கொண்டு, அப்பாவுக்குத்தான் பை பார்க்கத் தெரியும், நாள்பட உழைக்கிற மாதிரி ஒன்று பார்த்து அனுப்பச் சொல்லும்மா என்றாய்.

நீ கேட்டு நான் சும்மா இருப்பேனா. கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கையுறை, பூட்ஸ், தார்ப்பாய் என்று வந்து இறங்கிய சரக்கையெல்லாம் தையலை இழுத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியவன். குடையை எடுத்துக்கொண்டு மூன்று நாள் கோரியாஹாட் கடைத்தெருவில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். பார்வைக்கு எல்லாப் பையும் நன்றாகத்தான் இருக்கிறது. கைப்பிடியைப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். பாதிப் பைகளில் கைப்பிடி நாடாவை வாய்ப்பக்கத்தில் இரண்டு விரல் அளவுக்குத் தைத்து விட்டிருக்கிறான், பாரம் ஏறினால் துணியோடு பிய்த்துக்கொண்டு வரும். நாடா அடிப்பக்கம்வரை சுற்றிப்போய் மறுபக்கம் ஏற வேண்டும், அப்போது பாரத்தை நாடா தாங்கும், துணி தப்பிக்கும். ஜிப்பை இருபது தடவை இழுத்து மூடினேன், முக்கியமாக மூலை திரும்புகிற இடத்தில், அங்கேதான் எல்லா ஜிப்பும் காலை வாரும். கான்வாஸ் கெட்டிதான், ஆனால் நனைந்தால் பிணக்கனம் கனக்கும், எட்டு வயதுப் பிள்ளை தூக்க முடியாது. ஒரு கடைக்காரர், தாத்தா, நீங்க பை வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா என்று வங்காளியில் கேட்டே விட்டார். கடைசியில் அவர் கடையிலேயே ஒன்று அகப்பட்டது. கெட்டி நைலானில் நீலக் கலர், நீளவாட்டில் உருண்டையாக, டஃபிள் என்கிறார்களே அந்த மாதிரி. அடியில் இரட்டைத் துணி, பெரிய பல் ஜிப், ஈரத்துணிக்குத் தனி அறை, வெறும் பையைச் சுண்டுவிரலில் தூக்கலாம். பத்து வருஷம் உழைக்கும் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

கட்டிக் கொடுக்கும்போது அந்த மனிதர், பேத்தி இதை எடுத்துக்கிட்டு எங்க போகப்போறா என்று சாதாரணமாகக் கேட்டார். அதற்கு நான் ஹாஸ்டலுக்கு என்று சொல்லிவிட்டேன். அம்மா வீட்டுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அனு. தாயைப் பார்க்கப் போகிற பிள்ளைக்குப் பயணப் பை வாங்குகிறேன் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல வெட்கப்பட்டேன். எழுபது வயதில் ஒரு பைக்கடையில் நின்றுகொண்டு பொய் சொன்னேன். அவர் என்ன நினைப்பாரோ என்று பயந்த எனக்கும் ராகவின் அம்மாவுக்கும் என்ன வித்தியாசம் என்று வழியெல்லாம் மனசு குத்திக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைத் துடைத்து, மடியில் வைத்துப் பார்த்தாள். பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன உறை, உள்ளே பேரும் விலாசமும் எழுத ஓர் அட்டை. அம்மா பேனாவை எடுத்து முத்து முத்தாக மஹிமா என்று எழுதினாள். அப்புறம் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, விலாசம் எதுங்க எழுதறது என்று கேட்டாள். நானும் யோசித்துப் பார்த்தேன். ஜெயநகர் என்று எழுதினால் உன்னிடம் அவள் விருந்தாளி. ஒயிட்ஃபீல்டு என்று எழுதினால் வாரத்தில் ஐந்து நாள் அங்கே அவள் விருந்தாளி, அதுவும் பாவம்தானே, ராகவ் அவளுக்குத் தகப்பன் இல்லையா. ரெண்டையும் எழுது என்றேன், அட்டையில் இடம் இல்லை. அம்மா பேனாவை மூடிவிட்டு, சோத்துக்கு அரிசி போடணும் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இனி சொல்லப்போவதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னைப் பள்ளியில் சேர்த்த வருஷம் நீயும் அம்மாவும் டாக்குரியாவுக்கு வந்துவிட்டீர்கள், நான் துர்காபூரில் வேலையோடு தங்கிவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி வருவேன், திங்கள் விடியுமுன் ஹவுரா போய் ரயில் பிடிப்பேன். இப்படிப் பதினோரு வருஷம். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட என் பையிலிருந்த துணியை எடுத்து அலமாரியில் வைத்ததில்லை. அம்மா துவைத்து மடித்துத் திரும்பப் பைக்குள்ளேயே வைப்பாள். என் சோப்பும் ரேசரும்கூடப் பையில்தான். ஒருநாள் கூத்துக்கு எதற்கு மெனக்கெட வேண்டும் என்ற எண்ணம். உனக்கு ஆறு வயதிருக்கும், ஞாயிறு சாயங்காலமானால் நீயே என் பையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய் வாசலில் வைத்து, பக்கத்தில் செருப்பையும் ஜோடியாக வைப்பாய். எங்கள் பெண் எவ்வளவு சூட்டிகை பார் என்று மாஷிமாவிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டோம். பிறகு நான் கொல்கத்தா ஆபீஸுக்கு மாற்றலாகி நிரந்தரமாக வந்தேனே, அப்போது உனக்குப் பதினைந்து. நான் கூடத்துக்குள் நுழைந்தால் நீ பேச்சை நிறுத்துவாய். வந்த மூன்றாவது வாரம் சமையலறையில், அப்பா எப்பம்மா கிளம்புவாரு என்று நீ மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. உன்மேல் தப்பில்லை. விருந்தாளியாக வந்துபோனவன் நான், நீ விருந்தாளியாக நடத்தினாய். தப்பு என்னுடையது, அதற்கு இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பதினோரு வருஷமும் என்னை ஒருத்தரும் பெற்றவனா இவன் என்று கேட்கவில்லை. குடும்பத்துக்காக மாடாய் உழைக்கிறார் மனுஷன் என்றுதான் சொன்னார்கள். உனக்கு வாரத்தில் இரண்டு முழு நாள் குழந்தையோடு கிடைக்கிறது, எனக்குக் கிடைத்தது ஒரு நாள். நான் நல்ல தகப்பன் என்றால் நீ இரண்டு மடங்கு நல்ல தாய். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, அவர்கள் பேசட்டும். நீ தலை குனியாதே.

அதனால் அம்மாவும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். பையை அனுப்பப்போவதில்லை. கோபப்படாமல் கேள். உன் படுக்கையறை அலமாரியில் அவள் கைக்கு எட்டுகிற தட்டு ஒன்றை முழுசாகக் காலி பண்ணு. ஓரத்தில் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு இது உனக்கு என்று சொல்லாதே, முழுத்தட்டும் அவளுடையதாக இருக்கட்டும். வீட்டில் போட நாலு கவுன், உள்ளாடை, ராத்திரி உடுப்பு, பல் துலக்கும் பிரஷ், சீப்பு, செருப்பு எல்லாம் அங்கேயே இருக்கட்டும், அவளையே கடைக்குக் கூட்டிப்போய் எடு. ஜெயநகரிலும் அவளுக்கு இதெல்லாம் இருக்கிறது, இரண்டும் இருக்கட்டும், எதுவும் இங்கிருந்து அங்கே அலைய வேண்டாம். பள்ளிப் பை மட்டும் அவளோடு போகும் வரும். அடுத்தவர் வீட்டுக்குத்தான் வெறுங்கையோடு போகக்கூடாது என்று சொல்வோம். பெற்றவள் வீட்டுக்குப் பிள்ளை கையை வீசிக்கொண்டு வரலாம். ராகவிடம் இதைச் சண்டையாகச் சொல்லாமல் ஒரு தகவலாகச் சொல், அவன் கெட்டவன் இல்லை, புரிந்துகொள்வான். ஒரே வாரத்தில் அவள் எங்க வீடு என்று சொல்லிவிடுவாள் என்று நான் சொல்லவில்லை. உனக்கும் எனக்கும் சரியாகவே சில வருஷம் பிடித்தது. ஆனால் அதற்கு இடம் வேண்டும், அந்தத் தட்டிலிருந்து ஆரம்பி.

நீலப் பையை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். பூஜா விடுமுறையில் பத்து நாள் உன்னிடம் வந்து தங்குவதாக இருக்கிறோம். அம்மாவின் புடவையும் என் மாத்திரை டப்பாவும் அதில் தாராளமாகக் கொள்ளும். நாங்கள் விருந்தாளிகள், பையோடுதான் வருவோம். அம்மா இப்போதே நாரு என்கிற தேங்காய் உருண்டை செய்ய வெல்லம் வாங்கி வைக்க வேண்டும் என்கிறாள், யாருக்கு என்றால் பேத்திக்கு என்கிறாள், சர்க்கரைக்காரியை நம்ப முடியாது.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஆபீஸ் வண்டியிலேயே வா. நீயும் குழந்தையும் நூறு வயது நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் எப்போதும் உங்கள் தலைமேல் இருக்கிறது. ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிறு சாயங்காலம் அவள் கிளம்பும்போது, எதையாவது விட்டுட்டியா பாரு என்று வாசலில் நின்று கேட்காதே. அவள் விட்டுவிட்டுப் போகட்டும்.

உன் அன்பு அப்பா,
கோ. பன்னீர்செல்வம்