மூன்று பேருக்கு ஒரு பழுது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் மட்டும் அவ்வப்போது முறுக்கிக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்கள் கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு போனிலேயே நாலு நிமிஷப் பாடம் தயாரிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்களே, அது பெரும்பாடாகிவிட்டது. பார்த்துப் பார்த்துச் செய்த வீடியோவுக்கெல்லாம் கட்டைவிரல் படம் குவிந்தது, ஆனால் கதவு சரியாகச் சாத்தாவிட்டால் லிஃப்ட் ஏன் நகராது என்று கேட்டால் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் ஈ காக்கை இல்லை. மொட்டை என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக்கைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், பார்த்தேன் சார், மண்டையில ஏறல சார் என்று சிரிக்கிறான். மேலாளரோ இந்த மாசத்தோட பாடத்தை மூட்டை கட்டிடுங்க என்றுவிட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாடத்தை மூன்றாக உடைத்தேன். ஒருவருக்குக் கதவு ஓடும் பள்ளத்தின் படம், இன்னொருவருக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டும் எண், மூன்றாமவருக்குக் குடியிருப்பவரின் புகார். மூவரும் போனில் பேசிக்கொண்டால்தான் பழுது பிடிபடும், காரணத்தையும் தங்கள் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அப்புறம் பார், குழுவில் ஒரே சண்டை, நீ சொல்றது தப்பு, படத்தை நல்லாப் பாரு என்று! எனக்கோ காதில் தேன் பாய்ந்தது.

போன வாரம் நம் கட்டிட லிஃப்டில் அம்மா மாட்டிக்கொண்டாள், பதறாதே, முழுசாக வெளியே வந்துவிட்டாள். பழுது பார்க்க வந்தவன் மொட்டை. வெளியே நின்றபடியே, பயப்படாதீங்கம்மா, கதவு சாத்தியிருக்கான்னு அதுக்குச் சந்தேகம், அதான் நகர மாட்டேங்குது, உங்களைக் காப்பாத்தத்தான் நிக்குது என்று சொல்லிச் சொல்லி அவளை அமைதியாக்கினான். அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மா வெளியே வந்ததும் மேலாளருக்கு போன் போட்டு, இந்தப் பாடத்தையா நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்று ஒரு பிடி பிடித்துவிட்டாள், பாடம் தொடர்கிறது. இப்போது அவளும் குழுவில் சேர்ந்து, உள்ளே மாட்டியவரிடம் முதலில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறாள். வந்த பதில்களைக் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள், கொஞ்சம் கண்ணும் துடைத்துக்கொள்கிறாள்.

இருவரும் நிறைந்த ஆயுளோடு ஒற்றுமையாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவிடம் பேசு. லிஃப்ட் கதையை ஆரம்பிப்பாள், இப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல் "ஐயையோ, அப்புறம்?" என்று கேள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா