மூக்கு நீண்ட கல்

ஞாயிறு இரவு, கெல்சென்கிர்ச்சன்

இன்று என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

ஈஸ்டர் விடுமுறைக்கு மெக்சிகோ போனபோது, ஒரு குக்கிராமத்துக்குப் பின்னால் காட்டுக்குள் கிடந்த மாயன் கோயிலைப் பார்க்கப் போனோம். அங்கே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. சுவரில் ஒரு கல் முகம், மூக்கு மட்டும் தும்பிக்கை போல வளைந்திருந்தது. மழைக் கடவுள் என்று பலகையில் ஸ்பானிய மொழியில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு அது வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"அம்மா, ஓடி வாங்கோ, இஞ்சை பிள்ளையார்!" என்றேன். மாயன் ஊரில் நான் காட்டிய மாயம். அம்மா செருப்பைக் கழற்றினார், தலையில் குட்டிக்கொண்டார், தோப்புக்கரணம் போட்டார். கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வீடியோ எடுத்தேன்.

இன்று மாமா குடும்பம் சாப்பிட வந்தது. வீடியோவைப் போட்டுக் காட்டி, உண்மையையும் சொன்னேன்.

"என்னக்கா, மழைக்கோ தோப்புக்கரணம் போட்டனீங்கள்?" என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தார்.

பிறகு குசினியில் கோப்பை கழுவியபடி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அப்பாவுக்காக வைச்ச நேர்த்தி ஆரிட்டையடா போனது?"

அப்பாவின் கழுத்துக் கட்டியைப் பரிசோதித்த முடிவு புதன்கிழமை வருகிறது. மெக்சிகோவால் வந்ததிலிருந்து அம்மா ஏன் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அதையும் நான் பகிடி பண்ணியிருக்கிறேன்.

மூக்கு நீண்டவரே, உங்களுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆளை மாற்றிக் காட்டியது நான்தான். அந்தப் பிழையை அப்பாவின் தலையில் போட்டுவிடாதேங்கோ.