கீழ்வீட்டுப் புகை

சீசா, பலெர்மோ
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் விதுரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உன் அக்கா றம்யாவும் அவளுடைய சின்னவளும் நல்ல சுகம், ஒஸ்லோக் குளிரில் உன்னையும் கடவுள் அப்படியே வைத்திருக்கட்டும். போனில் சொன்னால் பாதிக் கதையில் வேலைக்கு நேரமாச்சு என்று ஓடிவிடுவாய், அதனால்தான் ஆற அமர இருந்து எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி, சின்னவளின் இருமல் நின்றுவிட்டது. டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு இனி மருந்து வேண்டாம் என்றார், றம்யா அங்கேயே அழுதுவிட்டாள், அப்பா வழி நெடுக எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டு வந்தார்.

இது எப்படி நடந்தது என்று கேள். கீழ்வீட்டு அகஸ்ரீனா அன்ரி, காஸ் விலை ஏறியதால் பெலெட் எரிக்கிற கல்தாயா பூட்டினாரே, மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்னக் கட்டிகளைப் போட்டு வீட்டைச் சூடாக்குவது, அதன் புகைதான் எங்கள் குசினி ஜன்னலால் வந்து பிள்ளையின் நெஞ்சில் ஏறியது. நான் போய்ச் சத்தம் போட்டேன், அவரும் திருப்பிச் சத்தம் போட்டார், பிறகு படியில் கண்டாலும் முகம் பார்ப்பதில்லை. மேல்மாடி இத்தாலியக்காரி சிஞ்ஞோரா வேறு, மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளைப் படுக்கைவிரிப்பு கறுத்துப்போனதற்கு எங்கள் கறி தாளிக்கிற புகைதான் காரணம் என்று கட்டடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஒரு மழை நாள், பிள்ளை மூச்சுக்குத் திணறியதும் எனக்குப் பொறுக்கவில்லை, ஒரு கை பார்ப்பது என்று இறங்கிப் போனேன். கதவைத் திறந்த அகஸ்ரீனா வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக நடுங்கிக்கொண்டு நின்றார். கல்தாயா அணைந்து கிடந்தது. "பிள்ளை இருமுறது எனக்கு இஞ்சை கேக்குது நாகபூசணி, அதுதான் நிப்பாட்டிப்போட்டன், சண்டை பிடிச்சிட்டு எந்த முகத்தோடை மேலை வந்து சொல்லுறது" என்றார். அவர் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அதன் பிறகு இரண்டு வீடும் சேர்ந்து கல்தாயா திருத்துகிறவரைக் கூப்பிட்டோம். பல்கனியில் வைத்த பெலெட் ஈரம் பிடித்திருக்கிறது, சாம்பல் அள்ளாமல் காற்றுப் போகிற வழி அடைத்திருக்கிறது, ஒழுங்காக எரியாமல் புகைகிறது, அதோடு குழாயும் உங்கள் ஜன்னலுக்குக் கீழேயே முடிகிறது, கூரைக்கு மேலே கொண்டுபோக வேண்டும் என்றார். தன் வீட்டுச் சுவரோடு குழாய் ஏற்ற விடச் சிஞ்ஞோரா முதலில் மாட்டேன் என்றார். திருத்துகிறவர் அந்தக் கறுத்த விரிப்பை வாங்கித் தேய்த்துக் காட்டி, இது எண்ணெய் இல்லை, கல்தாயாப் புகை என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார். அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா, "கறி இல்லை, கரி" என்று தமிழில் சொல்லிவிட்டு அதை இத்தாலியனில் விளங்கப்படுத்தப் பட்ட பாட்டில் சிஞ்ஞோராவே விழுந்து விழுந்து சிரித்தார்.

குழாய் ஏற்றி, நல்ல காய்ந்த பெலெட் போட்டு மூட்டிய அன்று முழுக் கட்டடமும் முற்றத்தில் அண்ணாந்து நின்றது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து பிறகு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நுண்ணிய தூசி போய்க்கொண்டுதான் இருக்கும், கடும் குளிருக்கு மட்டும் மூட்டுங்கள் என்றார் திருத்துகிறவர். அகஸ்ரீனா அப்படியே செய்கிறார். மூட்டுகிற நாளில் சின்னவளுக்கு முழுக்கு அந்த வீட்டுச் சூட்டில்தான். போன கிழமை துவாயோடு இறக்கி விட்டால், முதல் அடி எடுத்து வைத்து அவரிடம்தான் போனாள், என்னிடம் இல்லை! எனக்குப் பொறாமை, ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, கோடை லீவை இப்போதே கேட்டு வை. இன்னொன்று. சண்டை நடந்த நாட்களில் நீ அகஸ்ரீனாவுக்குப் போன் எடுத்து ஏசினாயாம், நேற்றுத்தான் றம்யா சொன்னாள். அவர் இன்றுவரை எங்களிடம் மூச்சு விடவில்லை. காணும்போதெல்லாம் "தம்பி சாப்பிட்டவரோ" என்றுதான் கேட்கிறார். இன்றைக்கே அவருக்குப் போன் எடு ராசா.

எல்லா நலமும் உன்னைச் சேர வேண்டிக்கொண்டு,
உன் அம்மா
நாகபூசணி